படி ஏற முடியாதவர்களுக்கு ஓர் அறை

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனால் வாசிக்கிற யாராவது திருப்பதிக்குப் போகிறபோது தேடிப் பிடித்து, “உங்களைப் பற்றி ஒருத்தர் எழுதியிருக்கார்” என்று சொல்லித் தொலைத்தால், அப்புறம் நான் அவர் முகத்தில் விழிக்க முடியாது. அவருக்குத் தெரியாத ஒன்றை இதில் சொல்லப் போகிறேன். அவரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது கோழைத்தனம்தான். தெரிந்தேதான் செய்கிறேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் பத்து அறை கொண்ட லாட்ஜ் அவருடையது. வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். அந்தத் தெருவில் பாதிக் கட்டடம் குவைத்துக் காசில் எழும்பியதுதான். லாட்ஜுக்கு எதிர் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்த்தேன். சித்தூரை ஒட்டிய குடிபாலா பக்கத்து ஆள் நான். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, பெங்களூருக்குப் போக வழி தெரியாமல், ஊர்ப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் தெருவில், “இன்னாபா, வண்டிய வாசல்ல வுட்டுக்கினு நிக்கிற?” என்று ஒரு குரல் கேட்டது. தெலுங்குக்கு நடுவே எங்கள் வீட்டுத் தமிழ். அதைக் கேட்டுத்தான் போய்ப் பேசினேன். அக்காவுக்கு நகரிப் பக்கம் சொந்த ஊர். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘நைனா’. பெற்ற அப்பனையும் பிரியமான பிள்ளையையும் எங்கள் பக்கத்தில் ஒரே வார்த்தையில்தான் கூப்பிடுவோம்.

உலகத்தில் எல்லா லாட்ஜ்காரர்களும் அறையைக் காட்டும்போது ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டுவார்கள். அக்கா மட்டும் முதலில் கோளாறைக் காட்டுவார். “ஆறாம் நம்பர்ல ரயிலு சத்தம் வரும். கொழந்த தூங்காது. எட்டுல பாத்ரூம் தாப்பா மேல் பக்கந்தான் விழும், கீழ விழாது. ஒம்போதுல ஒண்ணும் இல்ல, ஆனா வெயிலு சாயங்காலம் வரிக்கும் மொத்தும்.” வந்தவர்கள் குழம்பிப்போய் அக்காவையே பார்ப்பார்கள். சிலர் பயந்து அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவதும் உண்டு. அக்காவுக்கு அதில் வருத்தமே இருக்காது. “போவட்டும். அங்க போயி கண்டுபுடிப்பாங்க” என்பார்.

கோளாறைச் சொல்வது பெரிதல்ல. சொன்னது மாறிவிட்டால் அக்காவால் உட்கார முடியாது. அதுதான் அக்கா. காலையில் ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய நிலவரத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கவுண்டரில் ஒட்டுவார். வெந்நீர் எத்தனை மணி வரை, எந்த அறையில் ஃபேன் கத்துகிறது, மலைக்கு எவ்வளவு கூட்டம் என்று வந்தவர்கள் சொன்னது, எல்லாம் இருக்கும். மத்தியானத்துக்குள் அந்தத் தாளில் நாலு அடித்தல், ஐந்து திருத்தல் ஆகியிருக்கும்.

ஒருமுறை மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்திடம், காணிப்பாக்கத்துக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், இப்போது அந்த பஸ் வேறு பக்கம் நிற்கிறது என்று பால்காரர் சொன்னார். அவ்வளவுதான், கவுண்டரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலையை அடையாளம் வைத்து ஒரு குடும்பத்தைத் தேடுவது என்ன காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தேடியிருக்கிறார். ஒவ்வொரு மொட்டையாக முன்னால் போய்ப் பார்த்திருக்கிறார். கடைசியில் அந்தக் குடும்பம் தானாகவே விசாரித்து, சரியான பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியே அக்காவைப் பார்த்துக் கை காட்டியதாம். “அவங்க போயிக்கினுதான் இருந்தாங்க. நாந்தான் லூசு மாதிரி ஓடுனேன்” என்று சிரித்தார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

குவைத்துக்கும் இதே கதைதான். ஐ.எஸ்.டி. போட்டு, “இந்த வருசம் மாங்கா சரியில்ல, புழுவு” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். பத்து நாளில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து நல்ல பெங்களூரா மாங்காய் வந்து இறங்கியது. மறுபடி பூத்துக்குப் போய், “மாங்கா நல்லா கீது” என்று சொல்வதற்கு மட்டும் ஒரு கால். அந்த மனிதர் அங்கே பாலைவனத்தில் நின்றுகொண்டு என்ன நினைத்தாரோ. நான் கிண்டல் செய்தபோது அக்கா சொன்னார்: “சிரிக்காத நைனா. சொன்னது அங்கியே நின்னுக்கினு கீது. இங்க மாறிப்போச்சி. அப்ப அது பொய்தான?”

இப்படிப்பட்டவருக்குத்தான் வெப்சைட் ஆசை வந்தது. காரணம் புரோக்கர்கள். ஸ்டேஷன் வாசலிலேயே ஆளைப் பிடித்து, ‘ஏ.சி. ரூம், ஜன்னலைத் திறந்தால் மலை’ என்று அளந்துவிட்டு அக்காவின் லாட்ஜில் கொண்டுவந்து தள்ளுவார்கள். வந்தவர்கள் அக்காவைத் திட்டுவார்கள். அப்போது ஜனங்கள் கிளம்புவதற்கு முன்பே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அறை தேட ஆரம்பித்திருந்தார்கள். “அவனுங்க வாயால எதுக்கு? நானே சொல்லிக்கிறேன். எனுக்கு ஒண்ணு பண்ணிக் குடு. ஆனா ஒண்ணு, காலைல எழுந்து நானே எழுதணும், நானே அடிக்கணும். உன்ன கூப்புட்டுக்கினு இருக்க மாட்டேன்.” அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

அதற்கு வழி இருந்தது. வெப்சைட்டுக்குள் நுழைந்து எழுத்தை நாமே மாற்றுகிற மாதிரியான மென்பொருள்கள் நாலைந்து, இலவசமாகவே கிடைத்தன. அதில் ஒன்றை எங்கள் சென்டர் கம்ப்யூட்டரில் போட்டு, தமிழ் அடிக்கவும் ஏற்பாடு செய்து, ஒரு மத்தியானம் அக்காவை உட்கார வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அரைமணி நேரம் ஆகியிருக்காது, ஒற்றை விரலால் ‘ஆறாம் நம்பர் ரயில் சத்தம்’ என்று அடித்து, பட்டனை அழுத்தி, பக்கம் மாறியதைப் பார்த்துக் கை தட்டினார். திரும்ப அதை அழித்து, ‘ரயில் சத்தம் கொஞ்சம்’ என்று மாற்றினார். “கொஞ்சந்தான் நைனா, நெசமா” என்றார். டைப்பிங் கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஆறு மாதமாக இராப்பகலாக நானே ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் இதே வேலைக்குத்தான். பாதிதான் முடிந்திருந்தது. தமிழ் எழுத்தைப் போட்டால் கேள்விக்குறியாகத் துப்பும். அதனால் தமிழ், தெலுங்கு வரிகளையெல்லாம் படமாக்கி ஒட்டுவேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டுமானாலும் நான்தான் வர வேண்டும். ஆனால் அது என்னுடையது. பெங்களூரில் இன்டர்வியூவுக்குப் போகும்போது, ‘நானே எழுதியது, திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்ல வேண்டுமானால் எங்கேயாவது அது ஓடியாக வேண்டும். அக்காவின் லாட்ஜ் கண்ணெதிரே இருந்தது.

“அந்த இலவச ஐட்டம் வேணாங்க்கா. வைரஸ் வந்துடும். ஒருநாள் திடீர்னு மொத்தமும் போயிடும். நம்மது சேஃப்” என்றேன். அக்கா யோசித்தார். “அதுல நானே எழுதுனேனே?” “இதுலயும் எழுதலாங்க்கா. கொஞ்ச நாள்ல ரெடி பண்ணிடறேன்.” அவர் என்னை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் நான் அதுவரை கொடுத்ததில்லை.

பக்கத்தில் போட வேண்டியதை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எல்லா அறைக் கோளாறும் வந்தது. அவர் பெருமையாகச் சொன்ன வரி ஒன்றே ஒன்றுதான்: ‘கீழே ஒரு அறை உண்டு. படி ஏற முடியாதவர்களுக்கு.’ வாசலை ஒட்டிய முதல் அறை அது. வயசானவர்கள், கால் முடியாதவர்கள் யாராவது வந்தால் வேண்டும் என்று கூட்ட நாளில்கூடப் பூட்டியே வைத்திருப்பார். தமிழிலும் தெலுங்கிலும் அந்த வரியைப் பெரிதாகப் போடச் சொன்னார். போட்டேன்.

இன்டர்வியூவில் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. ஒரு சின்ன வியாபாரத்துக்கு வெப்சைட் செய்ய எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பாய், எதை வைத்து முடிவு செய்வாய்? நான் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன்: “அதில் தினமும் எழுதப் போவது யார் என்று முதலில் பார்ப்பேன். அவர்களால் தனியாக, யாரையும் கேட்காமல் மாற்ற முடிகிறதா என்று பார்ப்பேன்.” மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அக்காவின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இதில் லாட்ஜ்காரர் எப்படி மாற்றுவார் என்று ஒருவர் கேட்டார். “அவங்க அஞ்சாங்கிளாஸ், சார். அதெல்லாம் அவங்களால முடியாது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேலை கிடைத்தது.

பெங்களூருக்கு வந்த முதல் மாதம் அக்கா தினமும் கூப்பிட்டுச் சொல்வார், நானும் மாற்றினேன். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு போனில் அவர் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. தொல்லை விடட்டும் என்று, முடிக்காமல் கிடந்த அந்த எழுதும் பக்கத்தின் பாஸ்வேர்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். தமிழ் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன். “நைனா, எதிர் சென்டர்ல உக்காந்து நான் எழுதுனேன். மொத்தமும் கேள்விக்குறியா வந்துக்கினு கீது. அய்யோ, இன்னா பண்ணிட்டேன்?”

அந்த இடத்தில் ‘அது என் தப்புக்கா, நான் சரியா எழுதல’ என்று சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியில் புதுச் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். “நீங்க எதையோ தப்பா அமுக்கிட்டீங்கக்கா” என்றேன். “உள்ள கொஞ்சம் கெட்டுப்போச்சு. பழசையே திரும்பப் போடறேன். ஆனா இனிமே மாத்தறது கஷ்டம், டைம் ஆகும். நீங்க இனிமே கை வைக்காதீங்க.” அக்கா, “வைக்க மாட்டேன் நைனா. மன்னிச்சிக்கோ” என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச காலத்தில் அந்தத் தெருவை அகலப்படுத்தினார்கள். லாட்ஜின் முகப்பை இடித்தபோது கீழ் அறையும் போனது. கவுண்டரை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தினார்கள். பள்ளம் தோண்டியதில் லாட்ஜ் போன் லைனும் செத்துப்போனது. அக்கா செல்போனிலிருந்து கூப்பிட்டார். “கீழ் ரூம் இல்ல நைனா. அந்த வரிய மட்டும் எடுத்துடு. கஷ்டம்னு தெரியும். மெதுவா பண்ணு.” இந்த வாரம் செய்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார். மீட்டிங் என்று வைத்தேன். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. அப்போது நான் மீட்டிங்கில் இல்லை, கேன்டீனில் தோசைக்கு நின்றுகொண்டிருந்தேன்.

புரட்டாசி சனிக்கிழமை, மத்தியானம். ஓங்கோல் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. பெரியவருக்கு இடது கால் முறிந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு. காலை அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் நேராக வந்திருக்கிறார்கள். லாட்ஜ் நம்பருக்குப் போன் போட்டும் பார்த்திருக்கிறார்கள், மணி அடிக்கவில்லை. பக்கத்தைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தாள் பெரியவருடைய மகள். கீழே அறையே இல்லை என்று தெரிந்ததும் தெருவில் நின்று கத்தினாள். “அபத்தாலு ராசி மனுஷுல்னி பிலுஸ்தாரா?” பொய்யை எழுதி ஆள் கூப்பிடுகிறீர்களா என்று.

அக்காவைப் பார்த்து. எதிர் மாடியில் என் இடத்துக்கு வந்திருந்த பையன் பிறகு போனில் எனக்குச் சொன்னான். அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி, தான் சொன்ன வரியைத் தானே ஒருமுறை படித்தாராம்.

சனிக்கிழமைக் கூட்டம். அக்கம்பக்கத்தில் எங்கேயும் கீழ்த்தளத்தில் அறை இல்லை. பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேராக மாடிக்குத் தூக்கினார்கள். கட்டுப் போட்ட காலை அக்கா தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே படியேறினார். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவரில் இடித்துச் சாய்ந்தது. பெரியவர் போட்ட சத்தம் எதிர் மாடி வரை கேட்டதாம். எலும்பு விலகிவிட்டது. அதே ஜீப்பில் திரும்பவும் புத்தூருக்கு. அக்கா லாட்ஜைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர்களோடு ஏறிப் போனார். அந்த மகள் வேண்டாம் என்று தள்ளியும் ஏறினாராம்.

புத்தூரிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இதை இவ்வளவு வருஷம் சுமந்திருக்க மாட்டேனோ என்னவோ. பின்னால் யாரோ வலியில் முனகுகிற சத்தம் கேட்டது. அக்கா மெதுவாகச் சொன்னார்: “நைனா, அந்த வரிய இப்பவாவது எடுக்க முடியுமா பாரு. நான் அன்னிக்கி அமுக்குனதால எவ்ளோ கஷ்டமா கீதோ. ஒனுக்கும் சிரமம்.”

எடுத்தேன். இரண்டு பாஷை வரியும் இருந்த ஒரே ஒரு படத்தை அழிக்க வேண்டும். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தெருப்பக்கம் நான் போகவில்லை. திருப்பதிக்கு வந்தாலும் வேறு வழியாக மலைக்குப் போய் வேறு வழியாகத் திரும்பிவிடுவேன். போன வருஷம் என் மனைவிக்கு ஸ்டேஷனில் மயக்கம் வந்து, உட்கார இடம் தேடி அந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அக்கா பார்த்துவிட்டார். “நைனா!” என்று ஓடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்காரர் குவைத்திலிருந்து திரும்பி வந்து, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா என் மனைவிக்கு மோர் கொடுத்து, காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, விசிறி எடுத்து விசிறினார்.

இப்போது லாட்ஜுக்குப் புது வெப்சைட் இருக்கிறது. மருமகள் பார்த்துக்கொள்கிறாள். நான் அன்று ஒதுக்கி வைத்த அதே இலவச மென்பொருள்தான். ஒருநாளும் வைரஸ் வந்ததில்லை, ஒன்றும் அழிந்துபோகவும் இல்லை. அக்கா சொல்லச் சொல்ல மருமகள் அடிப்பாளாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இவளைத் தேடிக்கொண்டு அக்கா மாடிக்கும் கீழுக்கும் அலைகிறார்.

“நீங்களே சொல்லுங்க சார்” என்றாள் மருமகள். “எவ்ளோ ஈஸி. அத்த வாட்ஸப்பைக்கூட தொட மாட்டேங்குறாங்க. போன் வந்தா எடுத்து என் கைல குடுக்குறாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க.”

லேப்டாப்பை அக்கா பக்கம் அவள் நகர்த்தினாள். அக்கா சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“வேணாம்மா. ஒருதபா கை வெச்சி ஒரு பெரிய மனுசன் காலயே கெடுத்துட்டேன். பாவம், இவுரு அவ்ளோ நல்லா பண்ணிக் குடுத்தாரு. நாந்தான் தப்பா அமுக்கிட்டேன். கேளு, இவுருக்குத் தெரியும்.”

மருமகள் என்னைப் பார்த்தாள். மோர் டம்ளரோடு என் மனைவியும் பார்த்தாள். அக்கா, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

“ஆமா” என்றேன்.